மருத்துவமும் பத்து வாளி நீரும்



நம் பள்ளிகளில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் "எதிர்காலத்தில் என்னவாக ஆகப் போகிறீர்கள்?" என்று கேட்டால், பாதிக் கைகள் மருத்துவர் என்றே உயரும். 'என் இலட்சியம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னாலும் அப்படியே. ஏழை எளியோருக்கு இலவச மருத்துவம் செய்வேன் என்னும் வரி அக்கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும். நாமும் சிவப்பு மையால் சரியிட்டுப் புள்ளி வழங்கிவிடுகிறோம். ஆனால், அவ்வரியை எழுதிய பிள்ளை பதினைந்து ஆண்டுகள் கழித்து, மின்சாரமும் குழாய்நீரும் ஒழுங்காகக் கிடைக்காத ஓர் அயல்நாட்டுக்கு மருத்துவப் பணிக்காகச் செல்லப் போகிறேன் என்று வந்து நின்றால், நாம் என்ன சொல்கிறோம்? "உனக்கென்ன பைத்தியமா?" என்கிறோம். கட்டுரை ஏட்டில் இருக்கும்வரை அது நற்பண்பு. கடவுச்சீட்டைக் கையில் எடுத்தவுடன் அது பைத்தியம்.

கெலாங் பாத்தாவில் இருப்போருக்கு அயல்நாட்டு வேலை என்பது புதிய செய்தியன்று. 1998ஆம் ஆண்டு இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது முதல், விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிள்களின் ஒலி கேட்கத் தொடங்கிவிடுகிறது. தொழிற்சாலைக்குச் செல்வோருடன் தாதியர்களும் சேர்ந்தே பாலம் கடக்கின்றனர். சிங்கப்பூர் வெள்ளியில் ஊதியம், பளபளக்கும் மருத்துவமனை, ஒரு நொடியும் அணையாத விளக்கு. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக் கடனும் தம்பி தங்கைகளின் படிப்பும் அந்த ஊதியத்தால்தான் நடக்கின்றன. ஆயினும், அயல்நாட்டு மருத்துவப் பணி என்றாலே இந்தப் பாலத்தைத் தவிர வேறொன்றும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே என் கவலை.

உலகின் மறுபக்கம் எப்படி இருக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனம், உலக வங்கி முதலியவை இணைந்து 2023ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, குறைந்த வருமானமும் கீழ்நடுத்தர வருமானமும் கொண்ட நாடுகளில் ஏறக்குறைய 100 கோடி மக்கள், மின்சாரமே இல்லாத அல்லது நம்பத்தகாத மின்சாரம் உள்ள மருத்துவ நிலையங்களையே சார்ந்திருக்கின்றனர் என்று கூறுகிறது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் மருத்துவமனைகளில் பாதியளவுக்கே நம்பகமான மின்சாரம் இருந்தது. நீரின் நிலையும் இதற்கு இளைத்ததன்று. உலகில் நான்கு மருத்துவ நிலையங்களுள் ஒன்றுக்கு அடிப்படைக் குடிநீர் வசதி இல்லை என்று 2019இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் கணக்கிட்டன.

எண்களைப் படித்துவிட்டு நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ஆகவே, நம் வீட்டில் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். நீரிழிவும் அதன் பின்னே வரும் சிறுநீரகச் செயலிழப்பும் நம் சமுதாயத்தில் எத்தனை குடும்பங்களை வாட்டுகின்றன என்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் பாட்டியோ மாமாவோ வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மையத்தில் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார். அந்த இயந்திரத்தினுள் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ அரை லிட்டர் நீர்மம் ஓடுகிறது. நான்கு மணி நேரத்திற்கு 120 லிட்டர். அதுவும் வெறும் குழாய்நீர் அன்று, பலமுறை வடிகட்டிய தூயநீர். 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா கலந்து நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பணி தடைப்பட்டபோது, நாம் குளிக்க நீர் இல்லையே என்று முணுமுணுத்தோம். டயாலிசிஸ் நோயாளிக்கோ குழாய்நீர் நின்றால் உயிரே கேள்விக்குறி. நமக்கு எப்போதோ ஒரு நாள் வருவது, வேறு நாடுகளில் அன்றாடம் வருகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

மின்சாரம் நின்றால் என்னென்ன நிற்கும் என்று ஒரு தாதியிடம் கேட்டுப் பாருங்கள். காற்றிலிருந்து உயிர்வளியைப் பிரித்துத் தரும் கருவி நிற்கும். பிறந்த குழந்தையின் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை உறிஞ்சும் கருவி நிற்கும். குறைமாதக் குழந்தையின் வெப்பப் பெட்டி குளிரத் தொடங்கும். 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டிய தடுப்பூசி மருந்து மெல்ல மெல்லக் கெட்டுப் போகும். கெட்டதை வெறுங்கண்ணால் பார்த்து அறியவும் இயலாது. இவையெல்லாம் பகலில். இரவில் இவற்றோடு இருளும் சேர்ந்துகொள்ளும். குழந்தைகள் பகலில் மட்டும் பிறப்பதில்லையே!

இவ்விடத்தில், தமிழாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகருக்குரியவர்; பிறந்தது 1822இல். இருபத்தைந்து வயதில், 1847ஆம் ஆண்டு, அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவமனை தொடங்கினார். மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பும் நடத்தினார்.

அவர் காலத்து மானிப்பாயை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் என்னும் பேச்சே இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சுண்ணாம்புக்கல்லின் ஊடே ஊறிவரும் கிணற்று நீரே குடிக்க, குளிக்க, தோட்டம் இறைக்க, புண் கழுவ எல்லாவற்றுக்கும். அந்நீர் கெட்டால் ஊருக்கே வாந்திபேதி. காலராவுக்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தது 1880களில்தான். கிறீனோ 1873இலேயே யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் திரும்பிவிட்டார். எதிரி யார் என்றே தெரியாமல் போர் புரிந்தார் என்று சொல்ல வேண்டும். கைகழுவினால் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் குறைகிறது என்று வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்னும் மருத்துவர் கண்டுகொண்டதும் இதே 1847ஆம் ஆண்டுதான். அதை அவருடைய சக மருத்துவர்களே நம்பவில்லை!

கிறீனை நான் போற்றுவது அவர் துன்பங்களைத் தாங்கினார் என்பதற்காக அன்று. அவர் தம்மைப் போன்ற பிறரை உருவாக்கினார் என்பதற்காகவே. 60க்கும் மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களை மருத்துவர்களாகப் பயிற்றுவித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர் தமிழிலேயே கற்பிக்கலானார். அதற்கு நூல்கள் வேண்டுமல்லவா? தாமே எழுதினார், மொழிபெயர்த்தார், மாணவர்களைக் கொண்டும் மொழிபெயர்ப்பித்தார். 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என ஆயிரக்கணக்கான பக்கங்கள் தமிழில் வந்தன. இவற்றுள் 'மனுஷ அங்காதிபாதம்' என்பது இன்றும் மருத்துவ மாணவர்கள் கையில் வைத்திருக்கும் கிரேயின் உடற்கூற்று நூல். ஆங்கிலத்தில் அது முதலில் வெளிவந்தது 1858இல், தமிழில் 1872இல். பதினான்கே ஆண்டுகள்!

(அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா, பிள்ளைகளின் எதிர்காலம் என்னாகும் என்று 2003இலும் வாதிட்டோம், இருமொழிப் பாடத்திட்டம் வந்த பின்பும் வாதிட்டுக்கொண்டே இருக்கிறோம். அந்த வாதத்தை இங்கே நீட்டிக்க விரும்பவில்லை. மானிப்பாயில் ஓர் அமெரிக்கர் செய்து காட்டியதை மட்டும் நினைவூட்டிவிட்டுச் செல்கிறேன்.)

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், வசதியற்ற இடத்தில் மருத்துவம் பார்ப்பது என்றவுடன் நம் மனத்தில் ஒரு வீரனின் படம் தோன்றிவிடுகிறது. எங்கிருந்தோ வந்தார், உயிர்களைக் காத்தார், கண்ணீருடன் விடைபெற்றார். இப்படத்தில் எனக்கு உடன்பாடில்லை. வந்தவர் போன பின்பு அந்த ஊரில் என்ன எஞ்சியிருக்கிறது என்பதையே நான் பார்க்கிறேன். கிறீன் போன பின்பு மருத்துவர்கள் எஞ்சினர், நூல்கள் எஞ்சின, மருத்துவமனை எஞ்சியது. அவர் பெயராலேயே அது மானிப்பாயில் இன்றும் நிற்கிறது.

ஒரு வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1847இல் அமெரிக்காவை விட்டு மானிப்பாய்க்கு வந்த மருத்துவர் தம் கருவிகளுள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. அன்று பாஸ்டன் மருத்துவமனையிலும் மின்விளக்கு இல்லை. இன்றோ மருத்துவம் முழுவதும் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது. சிங்கப்பூர் மருத்துவமனையில் திரையைப் பார்த்து நாடித்துடிப்பு அறிந்து பழகிய தாதி ஒருவர், திரையே இல்லாத இடத்திற்குச் சென்றால் கையால் நாடி பிடிக்கவும், காதால் மூச்சைக் கேட்கவும், கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்து இரத்தச் சோகையை ஊகிக்கவும் மீண்டும் கற்க வேண்டும். அழுத்தச் சமையற் கலம் போன்ற ஒன்றை மண்ணெண்ணெய் அடுப்பில் ஏற்றி, 121 பாகை வெப்பத்தில் கருவிகளை நுண்ணுயிர் நீக்கம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். வெப்பப் பெட்டி இல்லையென்றால் குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்துக் கட்டிக் காக்கும் 'கங்காரு' முறை தெரிந்திருக்க வேண்டும். இம்முறை 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், வெப்பப் பெட்டிகள் போதாமல் திண்டாடிய மருத்துவமனை ஒன்றில் பிறந்தது. இல்லாமையில் பிறந்த இம்முறையைப் பின்னர் வசதி படைத்த நாடுகளும் ஏற்றுக்கொண்டன.

நம் கதைக்கு வருவோம். நாம் யார்? அயல்நாட்டிலிருந்து வந்தவர்கள் பார்த்த வைத்தியத்தால் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். 1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானுக்கு வந்தபோது, மலேரியா அவ்வூரைச் சூறையாடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹம் துறைமுகத்தை மூடிவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு நிலைமை முற்றியது. வாட்சன் மருந்துப் புட்டியை மட்டும் நம்பியிருக்கவில்லை. சதுப்பு நிலத்தை வெட்டி வடிகால் அமைத்தார், தேங்கிய நீரை ஓடவிட்டார், காய்ச்சல் தணிந்தது. பின்னர் அம்முறையைத் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றார். அந்தத் தோட்டங்களில் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் நம் முன்னோர்களே. நீரை ஒழுங்குபடுத்துவதே அன்று முதல் மருத்துவமாக இருந்தது.

வாட்சனின் பெயராவது நூல்களில் உண்டு. தோட்டத்து 'டிரசர்'களின் பெயர்களை யார் அறிவார்? யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் கடல் கடந்து வந்து, தோட்ட மருத்துவமனையைத் தனியாளாகத் தாங்கியவர்கள் அவர்கள். காலைப் பெரட்டில் கொயினா கொடுப்பது, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பது, பால்வெட்டுக் கத்தி பட்ட காயத்துக்குத் தையல் போடுவது, நள்ளிரவில் லயத்துக்கு வந்து பிரசவம் பார்க்கும் ஆயாவுக்குத் துணை நிற்பது எல்லாம் அவர்கள் பணியே. இவர்களைப் பதிவு செய்வதற்கென்று 1965இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில் ஜெனரேட்டர் இரவு சில மணி நேரமே ஓடும். அதன் பிறகு அரிக்கேன் விளக்குதான். எங்கள் டிரசர் ஐயா கொதிக்க வைத்த நீரை மூடியிட்ட பானையில் எப்போதும் தயாராக வைத்திருப்பார். அதில் யாரும் குவளையை விட்டு மொள்ளக்கூடாது. சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். மீறினால் திட்டு விழும். அந்தத் திட்டின் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் வழங்குவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 1990! நேற்று நடந்தது போல இருக்கிறது. இவ்வளவு விரைவிலா மறந்துவிட்டோம்?

அதே 1990இல்தான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்சாரம் போரினால் அறுந்தது. ஜாம் போத்தலில் திரியிட்டுச் சிறிது மண்ணெண்ணெயில் எரித்த விளக்கைப் பற்றி அங்கிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பருத்தித்துறை மருத்துவமனையில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பைச் சேர்ந்த வெளிநாட்டு மருத்துவர்கள் பணியாற்றினார்கள். ஜெனரேட்டருக்கு எரிபொருள் இருந்தால்தான் அறுவை சிகிச்சை என்ற நிலையில், எரிபொருளைப் பெறுவதே ஒரு மருத்துவப் பணியாயிற்று. பின்னர் 2008 செப்டம்பரில் வன்னியை விட்டு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வெளியேறும்படி அரசு கட்டளையிட்டது. அவர்கள் போன பின்பு 2009 மே வரை, பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் உள்ளூர் மருத்துவர்களும் தாதியர்களுமே. எஞ்சியிருப்பது யார் என்று நான் மேலே கேட்டது இதனால்தான்.

சில மாதங்களுக்கு முன் என் முன்னாள் மாணவி ஒருவரின் தாயார் பள்ளிக்கு வந்தார். மகள் சிங்கப்பூரில் மகப்பேற்றுப் பிரிவில் தாதி. ஆப்பிரிக்க நாடு ஒன்றில் ஒன்பது மாதப் பணிக்கு, நிவாரண அமைப்பொன்றின் வழியே செல்ல விரும்புகிறார். "நீங்க சொன்னாதான் சார் கேட்பா. கல்யாண வயசு. அங்கே கரண்டும் கிடையாதாம், தண்ணியும் கிடையாதாம்" என்றார் தாயார். அச்சத்தில் பிழையில்லை. பெற்றவள் அஞ்சாமல் வேறு யார் அஞ்சுவார்?

நான் மகளைத் தடுக்கவும் இல்லை, வாழ்த்தி அனுப்பவும் இல்லை. கேட்கச் சொன்னேன். ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? காப்புறுதி யார் எடுக்கிறார்கள்? நோயுற்றால் நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? தங்குமிடத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது, அதைத் தூய்மை செய்வது யார்? மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு என்ன; அந்த ஜெனரேட்டரைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் உள்ளூரில் இருக்கிறாரா? புறப்படுமுன் எத்தனை நாள் பயிற்சி? இறுதியாக, உன்னோடு பணிபுரியப் போகும் உள்ளூர்த் தாதியர் எத்தனை பேர், நீ திரும்பிய பின் அவர்கள் என்ன செய்வார்கள்? இவற்றுக்குத் தெளிவான விடை தரும் அமைப்பாக இருந்தால் தாயார் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். விடை தராமல் "சேவை மனப்பான்மை வேண்டும்" என்று மட்டும் சொல்லும் அமைப்பாக இருந்தால், நானே அந்தப் பெண்ணிடம் போகாதே என்பேன்.

இப்படிச் சொல்வதற்குக் காரணமுண்டு. ஒரு வார இறுதியில் வானூர்தி ஏறிச் சென்று, சத்து மாத்திரைகளை வழங்கி, குழந்தைகளைச் சூழ நிற்க வைத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்பும் 'மருத்துவ முகாம்கள்' பெருகியுள்ளன. மாத்திரை தீர்ந்தவுடன் அந்த ஊர் பழைய ஊர்தான். அதற்குச் செலவான வானூர்திக் கட்டணத்தில் ஒரு கிணற்றுக்கு மூடியும் கைப்பம்பும் போட்டிருக்கலாம்.

இதற்கு நேர்மாறாக, லாரா ஸ்டாச்செல் என்னும் அமெரிக்க மகப்பேற்று மருத்துவரைச் சொல்வேன். 2008இல் வட நைஜீரியாவுக்குச் சென்றவர், மின்சாரம் அணைந்த இரவுகளில் தாய்மார்கள் அறுவைக்குக் காத்திருப்பதைக் கண்டார். இருட்டில் தம் கைத்திறன் பயன்படாது என்பதை உணர்ந்து, கணவருடன் சேர்ந்து ஒரு பெட்டிக்குள் அடங்கும் சூரிய மின்கருவியை உருவாக்கினார். மஞ்சள் நிறப் பெட்டி. பிரசவ அறைக்கு விளக்கும், கைப்பேசிக்கும் சிறு கருவிகளுக்கும் மின்சாரமும் தரும். அது பல நாடுகளின் பிரசவ அறைகளுக்குப் பரவியது. மருத்துவர் ஒருவர் மின்பணியாளர் போல் சிந்தித்ததால் வந்த பயன் இது. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் தொழிற்கல்விக்குப் போனதற்காக வீட்டில் தலைகுனிகிறார்கள்! மின்கம்பி இணைக்கத் தெரிந்தவனும் பம்பு பழுது பார்க்கத் தெரிந்தவனும் இல்லாமல் எந்த மருத்துவமனையும் ஓராண்டுகூட நடக்காது. மருத்துவர் கனவு நிறைவேறாத பிள்ளையிடம் பெற்றோர் இதைச் சொல்லலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு நடவடிக்கை. என் வகுப்பில் செய்து பார்த்தேன். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்தே பயன்படும். ஒரு மருத்துவ நிலையத்திற்கு வேண்டிய நீரின் குறைந்த அளவாக உலகச் சுகாதார நிறுவனம் குறித்திருப்பது: வெளிநோயாளி ஒருவருக்கு 5 லிட்டர், தங்கிச் சிகிச்சை பெறுபவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர், ஒரு பிரசவத்துக்கு 100 லிட்டர். பத்து லிட்டர் வாளி என்றால் ஒரு பிரசவத்துக்குப் பத்து வாளி. பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தேன். பள்ளித் திடலின் ஒரு மூலையில் உள்ள குழாயிலிருந்து மறு மூலைக்குப் பத்து வாளி நீரைச் சுமந்து வரச் சொன்னேன். பிறகு, வழியில் சிந்தியது போக எஞ்சிய நீரை அளந்து, கை கழுவ எவ்வளவு, கருவிகளைக் கொதிக்க வைக்க எவ்வளவு, தாய் குடிக்கவும் குளிக்கவும் எவ்வளவு, துணி துவைக்கவும் தரை கழுவவும் எவ்வளவு என்று அவர்களையே பங்கிடச் செய்தேன். ஒரு குழுவிடம் எஞ்சியது 71 லிட்டர். எதைக் குறைப்பது என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. தரையைக் குறைக்கலாம் என்றான் ஒருவன். அந்தத் தரையில்தானே குழந்தை விளையாடும் என்றாள் இன்னொருத்தி. கை கழுவும் நீரில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுத்து அனுப்பினேன்.

இதற்கான பணித்தாளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். தேவைப்படும் ஆசிரியர்கள் எழுதிக் கேட்டால் அனுப்பி வைப்பேன்.